பொட்டு வைத்த பெட்ரோல் மூடி

என் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பித்தளை மூடியை வைத்திருக்கிறேன். நடுவில் சின்ன ஓட்டை; கோணி ஊசி நுழையும், அதற்குமேல் எதுவும் நுழையாது. பார்க்க வருகிறவர்கள் ஏதோ பழைய கூஜாவின் மூடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு பிக்கப் லாரியின் பெட்ரோல் டாங்க் மூடி. அந்த லாரியை ஓட்டிய டிரைவர் பாயைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யுத்த காலம் அது. ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையோரம் வண்டி ரிப்பேர் கொட்டகை ஒன்று வைத்திருந்தேன். ஐயங்கார் வீட்டுப் பிள்ளை கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு நிற்கிறானே என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று நானே பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். முக்கால்வாசி சரியாகவும் சொன்னேன், அதையும் மறைப்பானேன்.

லாரி மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த ஜவுளி மொத்தக் கடை முதலாளியுடையது. உறையூர்த் தறிகளில் நெய்த புடவைகளை ஏற்றிவந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளில் இறக்குவது பாயின் வேலை. பழைய வண்டிதான், ஆனால் தினமும் காலையில் சீட்டைத் தூக்கி அதனடியில் இருக்கும் பெட்ரோல் டாங்க் வரை துடைத்த பிறகுதான் ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்புவார். வாராத தலையோடு அவரையோ, துடைக்காத முகத்தோடு அந்த லாரியையோ நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை முடிந்து சில நாளில் தொல்லை ஆரம்பித்தது. காவிரிப் பாலத்தில் ஏறியதும் எஞ்சின் இருமும், இழுக்கும், நின்றுவிடும். பின்னால் மாட்டுவண்டியும் ஜட்காவும் வரிசை கட்டிக்கொண்டு திட்டும். கால்மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். குழாயை வாய் வைத்து ஊதினேன். அன்று முழுவதும் சாதத்தில் விட்டுக்கொண்ட சாற்றமுதிலும் பெட்ரோல் மணந்தது. மறுநாளும் அதே பாலத்தில் நின்றது.

"சாமி, பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுப் பாக்க மூடியைத் தொறக்கிறேன் பாருங்க, அதுக்கப்புறம் ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடுது. டாங்க் நெறைய இருக்கிற அன்னிக்குத்தான் சீக்கிரமா நிக்குது" என்றார் பாய்.

"எஞ்சின் என்ன, மூடி வழியாவா குடிக்கறது?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அப்போது பெட்ரோலுக்கு ரேஷன், கூப்பனுக்கு மட்டும்தான் கிடைக்கும். பாய் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று யாரோ முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டார். எனக்குக் கோளாறு பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "கலப்படம் இருந்தாலும் இப்படி நிக்கும்" என்று சொல்லிவைத்தேன். பன்னிரண்டு வருஷம் ஓட்டிய பாயிடம், நாளை சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. ஊரில் பாதி லாரிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றன. திருட்டுப் பட்டத்தோடு போகிறவருக்கு வேறு யார் வண்டி கொடுப்பார்கள்?

பாய் நேரே என் கொட்டகைக்கு வந்தார். கோபப்படவில்லை. "நாளைக்கு உங்க கையாலயே பெட்ரோல் ஊத்துங்க சாமி. நான் தொட மாட்டேன். கூடவே வாங்க. அப்பவும் நின்னுச்சுன்னா நான் திருடன் இல்லேன்னு ஆயிடும். நிக்கலேன்னா நானே சாவியைக் குடுத்துடுறேன்."

டாங்க்கை வடித்துக் காலி செய்து, புதுப் பெட்ரோலைத் துணியில் வடிகட்டி முழுக்க நிரப்பினேன்; கழற்றி வைத்த மூடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உறையூரில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாலத்துக்கு வரும் முன்பே நின்றது. வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட டிரைவரை அன்றுதான் பார்த்தேன். "நின்னுடுச்சு சாமி!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் ஓட்டை அடைத்திருந்தது. டாங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நிற்கும். பாய் சொன்ன அத்தனையும் சரி.

ஓட்டையை அடைத்திருந்தது சந்தனம், நடுவில் குங்குமத்தோடு, காரையாக இறுகிப்போய். ஆயுத பூஜையன்று லாரி என் கொட்டகையில்தான் நின்றது. ஒன்றையும் விடக்கூடாதென்று சீட்டைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தவன் நான். வெளியே வைத்த பொட்டெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. இது மட்டும் வைத்தபடியே இருந்தது.

"தினம் துடைக்கறீரே பாய், இதை ஏன் விட்டீர்?"

"நீங்க சாமிக்கு வச்ச பொட்டு. நான் அழிக்கலாமா? துணி படாம சுத்தித் தொடச்சேன்."

கண் கலங்கியது. அவரோ, "முதலாளிகிட்ட தூசி அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடுவோம். உங்க பேரு கெட வேணாம்" என்கிறார். அவர் பேரை ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டவன் நான். அவர் என் பேரைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

ஓட்டையைக் குத்தித் திறந்துவிட்டு, அதே லாரியில் முதலாளியின் கடைக்குப் போய், வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே, பொட்டையும் சொன்னேன், கலப்படம் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதையும் சொன்னேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, "மனசுல வச்சுக்காதீங்க பாய்" என்றார். சாவி பாயின் பையிலேயே இருந்தது.

பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப வைங்க சாமி" என்பார். லாரி பழைய இரும்புக்குப் போனபோது மூடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இப்போது பாய் இல்லை. கொட்டகை பெரிய ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. என் மகன் நடத்துகிறான். ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, கடைசியில் இந்த மூடிக்கும் ஓரமாக ஒரு பொட்டு வைக்கிறேன். பிறகு வாயருகே கொண்டுபோய் ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன். காற்று போகிறது.