ஏர் பில்டருக்குக் கட்டிய பை

கடுகண்ணாவை மலைப்பாதை ஏற்றத்தில், கொட்டும் மழையில் என் கார் திணறி நின்றது. பக்கத்துக் கராஜிலிருந்து வந்த மொட்டைத்தலை மெக்கானிக் என்னைப் பார்க்கவேயில்லை, எஞ்சினிடம்தான் பேசினார்.

"யாரு ஒனக்கு இத செஞ்சது?"

எஞ்சின் சத்தம் கம்பீரமாக வர வேண்டுமென்று, கம்பனி வைத்த மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு நான் பூட்டிய, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் திறந்த ஏர் பில்டர் அது. நனையாமலிருக்க ஷொப்பிங் பையால் இறுகக் கட்டியிருந்தேன்.

"நான்தான் அண்ணே. தண்ணி போகாம..."

அப்போதுதான் திரும்பினார். "தண்ணி போகாது. காத்து? மூக்கப் பொத்திக்கிட்டு நீங்க இந்த ஏத்தத்த ஏறுங்க, பாப்போம்! நனையக்கூடாதுன்னுதானே கம்பனிக்காரன் பெட்டிக்குள்ள வச்சான்? அறிவு வேணாம்?"

பையை அவிழ்த்ததும் கார் கிளம்பியது. எனக்கும் கோபம், நன்றிகூடச் சொல்லாமல் கியரைப் போட்டேன். அவரோ அந்தப் பையையே மொட்டைத்தலையில் கவிழ்த்துக்கொண்டு, என்னைத் திட்டியபடியே மழையில் இறங்கிப் போனார்.