தகவல் எதுவும் இல்லை

"பிள்ளைங்க மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "மூணு பேருங்க" என்று சொல்லிவிட்டார். நான் அத்தை என்று சொல்வது என் மாமியாரை. மாமனார் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீடு அவர் பெயரில் இருந்தது. அதை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று மனு கொடுத்திருந்தோம். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ. எங்கள் முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். மனுவில் பிள்ளைகள் என்று இரண்டு பேர்தான் இருந்தார்கள், என் கணவரும் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த என் நாத்தனாரும். "பெரியவன் ஒருத்தன் இருக்கான். சாமியாராப் போயிட்டான். ரேஷன் கார்டுல அவன் பேரு இன்னும் இருக்கு பாருங்க" என்று அத்தை எழுந்து போய் கார்டை எடுத்து வந்து காட்டினார். வி.ஏ.ஓ. பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அப்ப அவர் வந்து கையெழுத்து போடணும். இல்லைன்னா அவரு இல்லைங்கறதுக்கு சர்டிபிகேட் வேணும்" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது எண்பத்தொன்பதில். என் கணவரின் அண்ணன் அதற்குப் பல வருடங்கள் முன்பே போய்விட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. அரிசி மண்டியில் வேலை பார்த்தாராம், அதிகம் பேச மாட்டாராம். ஒரு கார்த்திகையன்று மலையில் தீபம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். காசிக்குப் போகும் கூட்டத்தோடு ரயில் ஏறியதாக இன்னொருவர் சொன்னார். மாமனார் போலீசுக்குப் போகவில்லை. சாமியாராகப் போனவனைத் தேடச் சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார். ஆனால் அத்தை தேடிக்கொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு தவலை நிறைய மோர் கரைத்து எடுத்துக்கொண்டு மலை சுற்றும் பாதைக்குப் போவார். காவி கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பார். தாடிக்குள் இருக்கும் முகத்தைப் பார்ப்பதற்காகச் சற்றுக் குனிந்து, கீழேயிருந்து பார்ப்பார். பலமுறை நானும் கூடப் போய் டம்ளர் கழுவிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுப் பெயரை மாற்றாமல் விட்டுவிடலாம் என்றால் முடியாத நிலைமை. அந்த வருட மழையில் பின்பக்கத்து மண்சுவர் இடிந்து விழுந்தது. சமையலறைக்குக் கூரை மட்டும்தான் மிச்சம். தார்ப்பாய் கட்டி சமைத்தோம். அடுத்த சுவரிலும் விரிசல் ஓடியிருந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கம் படுக்க விடுவதில்லை. வங்கியில் கடன் கேட்டால் பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும், பிறகு வாருங்கள் என்றார்கள். என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு லீவு கிடைக்காது. அதனால் அத்தையை அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போய்வருவது என் வேலையாயிற்று.

வக்கீல் நல்ல மனிதர்தான். ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் அவர் இறந்ததாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அத்தையிடம் அதை அப்படியே சொல்ல அவருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. "காணோம்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கணும் பெரியம்மா" என்று மட்டும் சொன்னார். முதலில் போலீசில் புகார் கொடுத்தோம். இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். பிறகு பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், போட்டோ வேண்டும் என்றார் வக்கீல். இருந்தது ஒரே போட்டோ. நாத்தனார் கல்யாணத்தில் எடுத்தது. ஓரத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, மீசை அரும்பிய ஒரு பையன் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்.

விளம்பரம் வந்த அன்று அத்தை என்னை மூன்று நான்கு தடவை படிக்கச் சொன்னார். "உயிருடன் இருந்தால்" என்ற சொற்களை நான் விட்டுவிட்டுத்தான் படித்தேன். அவர் முகம் தெளிந்து போயிருந்தது. "இத்தினி வருசமா நான் ஒருத்தி தேடினேன். இப்பப் பாரு, பேப்பரே தேடுது" என்றார். அந்த விளம்பரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். யாரும் வரவில்லை என்று கோர்ட்டில் காட்டுவதற்கு. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அத்தை தினமும் ஒரு பிடி அரிசி ஜாஸ்தி போட்டுப் பொங்கினார். தார்ப்பாய்க்கடியில், ஒழுகும் தண்ணீருக்கு ஏனம் வைத்துக்கொண்டு, அவர் அந்தச் சோற்றை மூடி வைப்பார். மறுநாள் காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவரே சாப்பிடுவார்.

கோர்ட்டுக்குக் கூப்பிட்ட அன்று, படியேறும்போதுதான் வக்கீல் சொன்னார். "ஜட்ஜ் கேட்டா, பையன் இப்ப உயிரோட இல்லைன்னு நம்பறேன்னு சொல்லணும் பெரியம்மா." அத்தை படியிலேயே நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்காம்மா என்னை இட்டுனு வந்தே?" என்று கேட்டார். அதட்டவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டார்.  பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே மேலே ஏறினார்.

கூண்டில் நின்றதும் வக்கீல், சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டார்.   "செத்துட்டான்னு என் வாயால சொல்ல முடியாதுங்க ஐயா. செவுரு இடிஞ்சிபோச்சு, பேரப் பசங்க படுத்துக்கற வீடு. அதனால வந்து நிக்கறேன்" என்றார் அத்தை, ஜட்ஜைப் பார்த்து. வக்கீல் முகம் வெளிறிவிட்டது. ஜட்ஜ் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதை நீங்க சொல்ல வேணாம்மா. போனதுக்கப்புறம் அவர்கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க." "வேற யாருக்காவது?" "தகவல் எதுவும் இல்லீங்க." அது போதும் என்று இறங்கச் சொன்னார். சட்டத்துக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

தீர்ப்பு நகல் கைக்கு வந்தபோது அத்தை வக்கீலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தத் தேதியில செத்தான்னு போட்டிருக்கு?" வக்கீல் தாளைப் புரட்டினார். "அப்படித் தேதி எதுவும் வராது பெரியம்மா. தீர்ப்பு தேதிதான்." "தேதி இல்லாம நான் எந்த நாள்ல அவனுக்குத் திதி குடுக்கறது?" என்றார் அத்தை. வக்கீல் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.  அத்தையும் என் கணவரும் நாத்தனாரும் என்று மூன்று பெயர்களோடு வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதை வைத்துப் பட்டா மாறியது. கடன் கிடைத்தது. பழைய சுவர்களை இடித்துவிட்டு செங்கல் வைத்துக் கட்டினோம். ரேஷன் கார்டிலிருந்து பெயரை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

வீடு கட்டி முடிந்த பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு நான் தயிர் வாங்கி வைத்திருந்தேன். அத்தை அதைத் தொடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அடுத்த பௌர்ணமிக்கும் அவர் கிளம்பவில்லை. ஏன் அத்தை என்று கேட்டதற்கு, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோலச் சொன்னார். "போனா கண்ணு தேடும்மா. தேடி, அவன் ஆப்ட்டுட்டான்னா? கோர்ட்டுல குடுத்தது பொய்யாயிடும். கட்டின வீட்டுக்கு வெனை வந்துடும்." அப்படியெல்லாம் ஆகாது என்று நானும் சொன்னேன், என் கணவரும் சொன்னார். வக்கீலிடமே கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தோம். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. பௌர்ணமி அன்று சாயங்காலமே தெருக்கதவைச் சாத்திவிட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அந்த வருடங்களில்தான் மலை சுற்ற வரும் கூட்டம் பெருகி எங்கள் தெரு வரைக்கும் நிறையும். செருப்பில்லாத கால்களின் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை கதவைத் தட்டி யாரோ தண்ணீர் கேட்டார்கள். வயதான குரல். நான் செம்பை எடுத்துக்கொண்டு போகும்போது அத்தை திரும்பாமலே சொன்னார். "குடு. குடுத்துட்டு வந்து, எப்படி இருந்தான், என்ன வயசுன்னு எங்கிட்ட எதுவும் சொல்லாத." நான் கொடுத்தேன். காவி வேட்டி கட்டியவர் குடித்துவிட்டுப் போனார். நான் எதுவும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "செம்பைக் கழுவிட்டியா?" என்றார். இல்லை என்றேன். அதை வாங்கி, கழுவாமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை போய் இரண்டு மூன்று வருடமாகிறது. அவருக்குத் திதி கொடுக்க எங்களிடம் தேதி இருக்கிறது. பௌர்ணமிகளில் இப்போது நான் கதவைத் திறந்தே வைக்கிறேன். காவி கட்டியவர்கள் தண்ணீர் கேட்டு வருவார்கள். என் கணவரின் அண்ணன் நான் பார்த்தேயிராத மனிதர், கையில் இருப்பதும் மீசை அரும்பிய ஒரு பையனின் போட்டோ மட்டும்தான். அவரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. இருந்தாலும், குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, சற்றுக் குனிந்து முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.