ரோமாபுரி மட்டும் பாக்கி

பதினொரு வயதுக்குள் ஐரோப்பாக் கண்டத்தை நான் ஏறக்குறையப் பார்த்து முடித்துவிட்டேன். கடல் தாண்டி நான் உண்மையில் போன தூரம் எங்கள் தீவுக்கு அக்கரையில் இருந்த பத்து காவான் என்ற ஊர்தான். அதற்கே படகில் வாந்தி எடுத்தேன். இருந்தாலும் பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்துக்கு எத்தனை தட்டு, வெனிஸில் வீட்டு வாசலுக்கு ரிக்‌ஷா வருமா படகு வருமா என்று யாராவது கேட்டால் பட்டென்று பதில் சொல்வேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். சூலியா தெருவில் அரிசிக் கடைக்காரர் முதற்கொண்டு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நானாக வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போயிருந்தார். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தன் வீட்டிலிருந்து ஒருவனாவது கிராணி நாற்காலிக்கு மேலே போய் உட்கார வேண்டும் என்ற வைராக்கியத்தில் தம்பியை அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால், அந்தக் கால வழக்கப்படி, காலுக்கு ஒரு கட்டும் போட்டுவிட்டார். சீமைக்குப் போகிற பிள்ளைகள் வெள்ளைக்காரியோடு வந்து இறங்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, சித்தப்பா கப்பலேறிவிட்டார். சுங்கை பாக்காப் தோட்டத்துக் கிராணியின் மகளான சித்தி, பத்தொன்பது வயதில், எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள்.

கப்பலடியில் அப்பா தம்பியிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "படிப்பு முடியற வரைக்கும் மனசு அங்க இங்க போவக் கூடாது. கடுதாசி எனக்குப் போட்டாப் போதும்" என்றார். இரண்டடி தள்ளி சித்தி நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா தலையாட்டினார். அண்ணன் சொல்லைத் தட்டத் தெரியாத தம்பி அவர்.

மூன்று மாதம் கழித்து முதல் படக் கார்டு வந்தது, என் பெயருக்கு. அப்போது எனக்கு ஏழு வயது. பின்பக்கம் விலாசத்தில் என் பெயர். அதன் பக்கத்தில், "அன்புள்ள பாப்பாவுக்கு" என்று ஆரம்பம். அந்தக் கார்டு எனக்கு வந்ததுதான் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அப்பாவும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குப் படம் அனுப்பியிருக்கான்" என்று சந்தோஷமாக என் கையில் கொடுத்தார்.

லண்டன் படிப்பில் விடுமுறைகள் தாராளம் போலிருக்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் சித்தப்பா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, இருப்பதிலேயே மலிவான ரயிலில் ஏறிவிடுவார். ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. ஒருமுறை அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் பாரிஸ் போகிற ரயிலில் உடைந்து, பெட்டியில் இருந்த துரைமார்களும் துரைசானிகளும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியபடி வந்தார்களாம். இரும்புக் கோபுரத்தில் மின்சாரத் தூக்கியில் போகாமல் படி ஏறியே போய், கீழே இறங்கிய பிறகு இரண்டு நாள் நொண்டினாராம். இப்படி ஒவ்வொரு ஊரைப் பற்றியும் நாலைந்து வரி. தபால்காரர் வாசலிலிருந்தே, "பாப்பா, ஐரோப்பா வந்துருச்சு!" என்று கத்துவார். மூடாத கார்டு ஆனதால் எனக்கு முன்பே அவர் படித்து முடித்திருப்பார்.

சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது நான் கார்டை உரக்கப் படிப்பேன். அதில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஊரைப் பற்றி எழுதி முடித்ததும் சித்தப்பா கடைசியில் ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்டுவிடுவார். "இடி இடித்தால் இன்னும் போர்வைக்குள் ஒளிகிறாயா?" என்று ஒரு முறை. இடிக்கெல்லாம் பயப்படுகிற பெண்ணா நான்? சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு முறை, "இங்கே மலை ரயிலில் ஏறினேன். நம் ஊர்க் கொடிமலை ரயிலில் போனபோது உனக்குக் காது அடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா?" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ரயிலுக்கு என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. சித்தியை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் உருண்டு புரண்டு அழுதது தெருவுக்கே தெரியும்.

"பாவம், படிக்கிற படிப்புல யாரு எங்க வந்தாங்கன்னு மறந்துட்டான்" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடுப்படி வாசலில் நின்ற சித்தி சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

பதில் எழுதுவதும் என் பொறுப்புதான். அப்பா தம்பிக்கு எழுதும் கடிதத்தோடு என் துண்டுக் காகிதத்தையும் உறையில் வைத்து அனுப்புவார். குழந்தை கிறுக்கியதில் என்ன இருக்கப்போகிறது என்று அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு நாள் என் தலையைப் பின்னிக்கொண்டிருந்த சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"கெணத்தடியில நட்ட மல்லிக பூத்துச்சான்னு கேட்டிருந்தாருல்ல? பூத்துருச்சுன்னு எழுதேன் பாப்பா."

"நான் மல்லிக நடவே இல்லையே. பொய் எழுதுனா பாவம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"பூத்தது நெசந்தானே? யாரு நட்டான்னு எழுத வேணாம்லா."

கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படிக்கிற பெண்ணை அவ்வளவு சுலபத்தில் வழிக்குக் கொண்டுவர முடியுமா? இரண்டு அதிரசம் ஆயிற்று. அதிலிருந்து அது எங்களுக்குள் ஓர் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. பலகாரம் கொடுத்தால் சித்தி சொல்கிற ஒரு வரியை நான் கடிதத்தில் சேர்ப்பேன். இடி இடிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறது, பயமில்லை என்று ஒரு தடவை எழுதச் சொன்னாள். அந்த ஆள் நான்தான் என்பதால் அதை எழுத எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கார்டுகளை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுச் சின்னப் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். சித்தி பார்க்க வேண்டுமென்றால் நான் பிடித்துக்கொண்டிருக்க, அவள் தள்ளி நின்று பார்க்கலாம். கை ஈரமாக இருந்தால் அதுவும் கிடையாது.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. என் டின்னில் ஐம்பத்தெட்டுக் கார்டுகள் சேர்ந்தன. பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தை விரித்து வைத்து, வந்த ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். பெரிய ஊர்களில் ரோமாபுரி மட்டும் பாக்கி இருந்தது.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு நாள் சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பாஸ் பண்ணிட்டான். இன்னொரு வருஷம் அங்கயே இருந்து பெரிய வக்கீல் ஒருத்தர்கிட்ட தொழில் பழகலாமான்னு கேட்டிருக்கான். ஒன் இஷ்டம்னு எழுதிட்டேன்." ரசம் ஊற்ற வந்த அம்மாவின் கை நின்றது. உள்ளே சித்தி பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றது.

அப்பாவின் கடிதம் லண்டன் போய்ச் சேர்ந்து, அதற்கடுத்து வந்த கப்பல் தபாலில் எனக்குக் கார்டு வந்தது. அன்று தபால்காரர் தெருமுனையிலேயே என்னைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டார். லண்டன் ஆற்றுப் பாலத்தின் படம். ஊர்க் கதை ஒன்றும் அதில் இல்லை. "பாப்பா, படிப்பு முடிந்தது. உடனே கப்பலேறி வரலாம். இல்லையென்றால் ஒரு வருஷம் இருந்து தொழில் பழகலாம். விடுமுறையில் ரோமாபுரியும் பார்க்கலாம். அண்ணன் என் இஷ்டம் என்கிறார். எனக்கு உன் இஷ்டம்தான் முக்கியம். நீ வா என்றால் வந்துவிடுகிறேன்."

தெருவில் நின்று அதை மூன்று தடவை படித்தேன். லண்டனில் பாஸ் பண்ணிய வக்கீல் என்னிடம் யோசனை கேட்கிறார். தலைகால் புரியவில்லை எனக்கு. கூடவே ஒரு பயமும் வந்தது. இதை வீட்டில் படித்தால் அம்மா உடனே வரச் சொல்லுவாள். சித்தப்பா வந்துவிட்டால் கார்டு வராது. ரோமாபுரி பாக்கியாகவே நின்றுவிடும். கார்டைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரம் முழுக்க சித்தி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள். "ஒனக்கு ஏதாவது எழுதியிருக்காரா பாப்பா?"

"இல்லையே" என்றேன். மல்லிகைக்குப் பொய் எழுத மாட்டேன் என்று வழக்காடிய அதே வாய்தான்.

பதிலை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே எழுதினேன். பெரிய மனுஷத்தனமாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை திருத்தியதால் அது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "சித்தப்பா அவர்களுக்கு, அவசரமாக வர வேண்டாம். ரோமாபுரியைப் பார்த்துவிட்டு மெதுவாக வரவும். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்களை யாரும் தேடவில்லை." கடைசி வரி அவருடைய ஆறுதலுக்காகச் சேர்த்தது. அம்மா எங்கேயாவது போய்விட்டு வந்தால், "புள்ள என்னயத் தேடுச்சா?" என்றுதான் முதலில் கேட்பாள், தேடவில்லை என்று சொன்னால் நிம்மதியாகச் சிரிப்பாள். அப்பா வழக்கம்போல் பிரித்துப் பார்க்காமல் உறையில் வைத்து ஒட்டினார்.

சித்தப்பா தங்கிவிட்டார். இரண்டு மாதம் போல ஒன்றும் வரவில்லை. பிறகு கார்டுகள் வந்தன, முன்பைவிட அதிகமாகவே. ரோமாபுரி மட்டுமே பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஒரே வரி: "இது ரோமாபுரி. நலம்." அசட்டுக் கேள்விகள் அடியோடு நின்றுவிட்டன. ஒரு வழியாக அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சித்தி தாய்வீடு இருந்த சுங்கை பாக்காப் போய் இரண்டு மாதம் தங்கி, இளைத்துத் திரும்பி வந்தாள். படம் காட்டட்டுமா என்று நானாகக் கேட்டால், "நீயே பாரு பாப்பா" என்பாள். பலகாரம் கிடைக்காமல் போனதுதான் அந்த வருஷத்தில் எனக்கு ஏற்பட்ட நஷ்டம்.

மறு வருஷம் சித்தப்பா வந்து இறங்கினார். கோட்டும் தொப்பியுமாக, முகம் மட்டும் கொஞ்சம் முதிர்ந்திருந்தது. அம்மா ஆரத்தி எடுத்தாள். சாமான்களைப் பிரித்து, சித்திக்கென்று கொண்டுவந்த சால்வையைக்கூட அம்மாவின் கையில்தான் கொடுத்தார். எனக்குக் கார்டு ஒட்டி வைக்கத் தோல் அட்டை போட்ட ஆல்பம். அதைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ரோமாபுரி எல்லாம் வந்துச்சா பாப்பா?"

"பதினாலு வந்துச்சு சித்தப்பா."

"நீ சொன்னபடியே இருந்து பாத்துட்டு மெதுவாத்தான் வந்தேன். சரிதானே?"

என்னிடம் பேசுகிறவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். காப்பித் தட்டோடு சித்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "என்ன சொன்னே அவருக்கு?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? ரோமாபுரிதான் வந்துவிட்டதே. வக்கீல் என்னிடம் யோசனை கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் ஒரு வரி விடாமல் பெருமையாகச் சொன்னேன். சித்தி, "அந்தக் கார்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

டின்னைத் திறந்து எடுத்துவந்தேன். அவள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பாலத்தின் படத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடியும் அதே வரிக்குப் போனாள். அவளுக்குப் படிக்க வரவில்லை என்று நினைத்து, உதவியாக இருக்கட்டுமே என்று நானே சத்தமாகப் படித்துக்காட்டினேன்: "நீ வா என்றால் வந்துவிடுகிறேன்."

கூடத்தில் அப்பாவோடு சித்தப்பா பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. அண்ணன் எதிரில் ஒரு நாளும் அடுப்படிப் பக்கம் வராதவர், வாசலில் வந்து நின்று, சித்தியின் கையிலிருந்த கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தி நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் மூக்கு நுனியில் வந்து நின்றது. கார்டில் விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"இத நான் வச்சுக்கட்டுமா பாப்பா?" என்றாள்.

யாருக்கும் ஒரு கார்டு கொடுத்ததில்லை நான். ஆனாலும் சித்தப்பா வந்த நல்ல நாள். தவிர, அது ரோமாபுரியும் இல்லை.

"வச்சுக்குங்க சித்தி. எங்கிட்ட இதே பாலம் இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

நாலு வருஷத்தில் நான் சித்திக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன் என்று வெகுநாள் வரைக்கும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.