நான் அழுததும் வேறொருத்தி பேசியதும்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, தங்கை போனபின் அவள் விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் நான் மேடையேறிச் சம்பாதித்த சோற்றில் வளர்ந்தவை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். மூத்தவன் சிவகாசியில் அச்சாபீஸில் இருக்கிறான். மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் அடித்துச் சரியாக விழாத தாள்களைக் கொண்டுவந்து தருவான். ஒரு பக்கம் யாரோ ஒரு சினிமாக்காரி சிரித்துக்கொண்டிருப்பாள். மறுபக்கத்தில் நான் எழுதுகிறேன்.

பதினான்கு வயதில் நாடகத்தில் ஸ்திரீபார்ட் கட்டினேன். முதலில் ராணிக்குத் தோழி, பிறகு ராணி, வயது ஏற ஏற ராஜாவுக்குத் தாய். பபூன் வந்து சேராத அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையும் ஆடியிருக்கிறேன். பங்குனி, சித்திரையில் ஊர்ப்பொங்கல் நடக்கிற இடமெல்லாம் போவோம். இருக்கன்குடி, ஆமத்தூர், காரியாபட்டி, எந்த ஊரும் பாக்கியில்லை. திருவிழா இல்லாத மாதங்களில் வெடிக் கம்பெனியில் காகிதக்குழாய் சுற்றினேன்.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், நான் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கதை எல்லோருக்கும் தெரியும், வசனம் யாருக்கும் தெரியாது. எதிரில் நிற்பவர் ஒன்று கேட்டால் அந்த நேரம் வாயில் வருவதுதான் பதில். போன ஊரில் சொன்னதை இந்த ஊரில் சொன்னால் மானக்கேடு. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவன், “இது ஆமத்தூர்ல சொன்னதுதானத்தா” என்று கேட்டுவிடுவான்.

அழகி என்று என்னை யாரும் சொன்னதில்லை. குரலுக்காகத்தான் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள். மைக் கெட்டுப்போன ஊரிலும் கடைசியில் வண்டி மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு நான் பேசுவது கேட்கும்.

சுனாமி வந்ததற்கு மறுவருஷம் சாத்தூர்ப் பக்கம் ஒரு சினிமா எடுத்தார்கள். வெடி விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் வேஷத்துக்கு ஆள் தேடியபோது யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். டைரக்டர் என் கடைக்குட்டியைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்த பிள்ளை. கொஞ்சம் அழுது காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினேன். யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அந்தக் காட்சியைக் கருவேல மரத்தடியில் எடுத்தார்கள். நல்ல வெயில். ஒரு தடவை அழுது முடித்தேன். பிறகு காமிராவைத் தள்ளிவைத்து இன்னொரு தடவை அழச் சொன்னார்கள். நான் வேறு சொல்லி அழுதேன். மூன்றாம் தடவை வேறு. வசனக் காகிதம் வைத்திருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் சொன்னதையே திருப்பிச் சொல்லும்படி கெஞ்சினார்.

“அது சொல்லியாச்சேய்யா. ஒண்ணையே சொல்லிச் சொல்லி அழுதா பெத்த தாயின்னு என்னைய எவன் நம்புவான்?” என்றேன்.

டைரக்டர் சிரித்துவிட்டார். எது வருகிறதோ வரட்டும் என்று விட்டார்.

ஆனால் சினிமாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அன்றைக்குப் பேசிய பேச்சை வைத்துக்கொள்ளமாட்டார்களாம். மெட்ராஸில் ஓர் அறைக்குள் நின்று, திரையில் வாய் அசைகிறபடியே மறுபடி பேசித் தர வேண்டுமாம். மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் முந்தானையில் முடிந்திருந்தேன்.

காதில் ஒன்றை மாட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு கிழவி சத்தமே இல்லாமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நான்தான் என்று தெரிகிறது. ஆனாலும் ஐம்பது வருஷப் பழக்கம், எதிரில் ஒருத்தி அழுதால் அவளுக்குப் பதில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அழாத தாயி, நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த தடவை கவனமாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் புதுச் சொல்லாகவே வந்தது. திரையில் அவள் வாயை மூடியபிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரைக்கும் இப்படியே போனது. பிறகு சாப்பாடு போட்டு, மீதியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விருதுநகரில் படம் வந்த அன்று பகல் ஆட்டத்துக்கு எங்கள் தெருவே கம்பெனிக்கு லீவு போட்டது. என் முகம் திரையில் ஒரு வீடு அகலத்துக்கு வந்ததும் விசில் பறந்தது. வாய் திறந்தது. வந்த குரல் என்னுடையது இல்லை. மெல்லிய குரல், நம் பேச்சை யாரிடமோ கேட்டுப் படித்துக்கொண்டு பேசியதுபோல. அவள் யாரோ, பாவம், நன்றாகத்தான் அழுதிருந்தாள். மகள் என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டுக்காரி, “நல்லா அழுதிருக்கீக மதினி, எனக்குத் தாங்கல” என்றாள். நான் ஆமாம் என்றேன். கேட்டவர்கள் எல்லோரிடமும் ஆமாம் என்றே சொன்னேன். மறுநாள் ஆர்மோனியக்காரர் வீடு தேடி வந்தார். முப்பது வருஷம் எனக்கு வாசித்தவர். வைத்த காப்பியைத் தொடவில்லை.

“எங்கம்மா உன் சாரீரம்?” என்றார்.



அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். டிவி தொடரில் பூக்காரியாக வந்தேன், கல்யாண வீட்டுப் பெரியம்மாவாக உட்கார்ந்தேன். தீபாவளி சமயத்தில் கேபிளில் வரும் பட்டாசுக்கடை விளம்பரத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் நான்தான். எதிலும் பேச்சு கிடையாது. என் முகம் இப்போது எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். குரல்தான் எங்கேயும் இல்லை.

காரியாபட்டியில் ஒருவர் எங்கள் நாடகத்தை டேப்பில் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன ஆவணியில் போனேன். தேடி எடுத்துப் போட்டுக் காட்டினார். அதன்மேல் அவர் பிள்ளைகள் சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். பாட்டெல்லாம் ஓடி முடிந்தபின் கடைசியில் கொஞ்சம் பழசு மிச்சமிருந்தது. ஆர்மோனியம் கேட்டது. அது எங்கள் ஆர்மோனியக்காரர் கைதான், எனக்குச் சந்தேகமில்லை. நான் குரலெடுக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே நாடா தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு என்னைவிட வருத்தம், மோர் கொடுத்து பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஆர்மோனியத்துக்கு நான் என்ன சொல்லிக் குரலெடுத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. எங்கள் வழக்கப்படி நினைவில் வைத்துக்கொள்கிற பேச்சில்லையே அது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். எட்டாவது படிக்கிறாள்.

“தாயி, இங்கன வந்து உக்காரு. இதை வாசி, நான் கேக்கணும். தப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது, திருத்தாம வாசி. சாத்தூர்ல நான் என்ன சொல்லி அழுதேன்னு அதுல எழுதல. அந்த இடம் வந்ததும் நிப்பாட்டு. அதை நானே சொல்லுதேன்.”