நாற்பது நிமிட அரபு வாத்தியார்

செய்தி வந்தபோது பகல் மணி ஒன்று பத்து. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக் காலம், வெண்ணெய் கூடாது என்பதால் அவாதிஃப் எண்ணெயில் வெங்காயம் வதக்கிப் பருப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை நாதி திறந்திருந்த கதவருகே வந்து நின்றான். மின்யா ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் அவள் கணவர் உஸ்தாத் ராகிப் களைத்து உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

அவள் அடுப்பை அணைத்தாள். அழுகை சாயங்காலம்தான் வந்தது. அதுவரை அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது கோபம். சாவின் மேல் அல்ல, அந்த மனிதரை வாழ்நாள் முழுக்க வாசலிலேயே நிற்க வைத்தவர்கள் மேல்.

ராகிப் அமீன் பல்கலைக்கழகத்தில் அரபு படித்து முதல் ஆளாகத் தேறியவர். எகிப்து அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஆனால் அரபுப் பாடத்தில் குர்ஆன் வசனங்கள் வருமே, அதை ஒரு கிறிஸ்தவர் எப்படிச் சொல்லித்தருவது என்று மேலதிகாரி மிக மரியாதையாகக் கேட்டு, நூலகச் சாவியை அவர் கையில் கொடுத்தார். சாவி இருபத்தாறு வருஷம் அந்தக் கையிலேயே இருந்தது. அவர் புத்தகங்களுக்குத் தூசி தட்டினார், அட்டை ஒட்டினார். வசனங்களை வானொலியில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். இதற்காகக் கோயிலில் அவரை முஸ்லிம் மதகுருவை அழைப்பதுபோல “ஷேக் ராகிப்” என்று கேலி செய்தார்கள். ஒரு பாதிரியாருக்கு அது கேலியாகவும் படவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேயும் வாசல்தான்.

போன வருஷக் குளிர்காலத்தில் ரயில் பாதைக்கு அப்பாலுள்ள இஸ்லாமியத் தனியார் பள்ளியின் அரபு வாத்தியார் வருஷ நடுவில் சவூதிக்குப் போய்விட்டார். ராகிப் மனுப் போட்டார். அவாதிஃப் தடுத்துப் பார்த்தாள். அரசாங்கமே தராததை அவர்களா தரப்போகிறார்கள் என்றாள். ஒரு வகுப்பு, ஒரே ஒரு வகுப்பு எடுத்தால் போதும் என்றார் அவர். மதம் என்ற இடத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று தன் அழகான கையெழுத்தில் எழுதியதை அவள் கண்ணால் பார்த்தாள். ராகிப் அமீன் என்பது கிறிஸ்தவர், முஸ்லிம் இரண்டு பக்கத்திலும் வைக்கிற பெயர். பள்ளிக்காரர்கள் பெயரையும் மதிப்பெண்ணையும் பார்த்தார்கள், அதற்குக் கீழே பார்க்கவில்லை.

கூப்பிட்டு, மாதிரிப் பாடம் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம். பாடத்தில் வந்த வசனங்களை அவர் ஓதிய விதத்தில் பின்வரிசைப் பிள்ளைகள்கூட நாற்காலியை அசைக்கவில்லை. தலைமையாசிரியர் ஹாஜி ஷவ்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ராகிபின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஆசிரியர்கள் கைகால் கழுவக் குழாயடியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு நீங்கதான் எங்களுக்கு முன்னாடி நின்னு தொழ வைக்கணும் உஸ்தாத்,” என்றார் ஹாஜி.

ராகிப் தன் சட்டைக் கையை மடிக்கவில்லை. மடித்திருந்தால் மணிக்கட்டில் சிறுவயதில் பச்சை குத்திய சிலுவை தெரிந்திருக்கும். “மன்னிக்கணும் ஹாஜி. நான் கிறிஸ்தவன். மனுவுல எழுதியிருக்கேனே.”

தோளில் இருந்த கை இறங்கியது. “எங்கள ஏமாத்திட்டீங்களே,” என்றார் ஹாஜி.

வேலை கிடைக்காததை அவாதிஃப் ஒரு வாரத்தில் செரித்துவிட்டாள். இந்த ஒரு சொல்தான் அவளுக்குச் செரிக்கவில்லை. எழுதிக்கொடுத்தவனா ஏமாற்றுக்காரன், படிக்காமல் விட்டவனா? அதோடும் விடவில்லை. மறுநாள் ஆள் அனுப்பி, பிள்ளைகள் பேருந்தில் மேற்பார்வைக்கு ஓர் இடம் இருக்கிறது, விருப்பமா என்று கேட்டார்கள். ராகிப் நன்றி சொல்லி மறுத்தார். நன்றி எதற்கு என்று அவள் அன்று முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் ஹாஜியின் மகள் ரிஹாப், அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். மேல்நிலைத் தேர்வு, அரபில் பலவீனம், தனிப்பாடம் வேண்டும். அப்பாதான் அனுப்பினாராம்.

அவாதிஃப் ராகிபைச் சமையலறைக்கு இழுத்தாள். “அவர் பள்ளிக்கூடத்துக்கு ஆகாத நீங்க, அவர் பொண்ணுக்கு மட்டும் ஆவீங்களா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா ராகிப்?”

“பொண்ணு பாடம்தானே கேக்குது,” என்றார். “அதோட அப்பா பண்ணதுக்கு அதை ஏன் திருப்பி அனுப்பணும்?”

ஞாயிறும் புதனும் ரிஹாப் வந்தாள். ராகிப் அந்த நாட்களில் மட்டும் காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்வார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவாதிஃப் சமையலறைக்குள் போய்விடுவாள். ஒரு வகுப்பறையே கேட்ட மனிதருக்கு உலகம் கொடுத்தது ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பெண்.

ராகிப் இறந்த மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் துக்கம் கேட்க வந்தவர்களோடு ஹாஜி ஷவ்கத்தும் வந்தார். துக்கத்துக்குக் கொடுக்கும் சர்க்கரையில்லாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். போகும்போது அவாதிஃப் முன்னால் நின்றார்.

“அரபு மொழிக்கே பெரிய இழப்பு மேடம். அவர் மாதிரி ஒருத்தர் எங்க பள்ளிக்குக் கிடைக்கவே இல்ல.”

“கிடைச்சாரே ஹாஜி,” என்றாள் அவாதிஃப். அவள் குரல் உயரவில்லை. “நாப்பது நிமிஷம் கிடைச்சாரு. நீங்கதான் பேருந்துல ஏத்திவிடப் பார்த்தீங்க.”

அவர் காதுமடல் சிவந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹாஜி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மகளின் கட்டுரை நோட்டு உஸ்தாதிடம் இருக்கிறது, தேர்வு நெருங்குகிறது என்று மெல்ல இழுத்தார்.

“நாளைக்கு அவளையே வரச்சொல்லுங்க. அவ கையிலதான் குடுப்பேன்.”

வீட்டில் நோட்டு வானொலிப் பெட்டியின் மேல் இருந்தது, மூடி போடாத சிவப்புப் பேனாவோடு. பன்னிரண்டு பக்கக் கட்டுரை. திருத்தம் ஏழாம் பக்கத்தின் மூன்றாவது வரியோடு நின்றிருந்தது.