வைக்கோல் ஆளுக்கு மாட்டிய சட்டை

நாவலை முடித்த அன்று எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. இடுப்பு வலித்தது. நாலு வருஷமாக விடியலில் எழுந்து, கடை திறக்கிற நேரம் வரை எழுதினேன். அப்புறம் பொழுது சாய்கிற வரை தியாகதுருகத்தில் என் கடையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டினேன். இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? கடைசி வரியை எழுதிவிட்டுத் தாள்களைப் பையில் போட்டுக் கட்டினேன். கடைக்குப் போனால் இரண்டு நீர்மூழ்கி மோட்டார்கள் காத்துக் கிடந்தன. கரும்பு காய்கிறது என்று வந்து நிற்பவனிடம், நான் நாவல் முடித்திருக்கிறேன், நாளைக்கு வா என்று சொல்ல முடியுமா?

புத்தகம் வந்த பிறகு அலுப்பு இன்னும் கூடியது. பின்னட்டையில் என் போன் நம்பரைப் போட ஒத்துக்கொண்டது என் முட்டாள்தனம். காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தவறினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். "முடிவைப் படிச்சிட்டு அழுதுட்டேன் சார்" என்பார் ஒருவர். நான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, விட்ட இடம் எதுவென்று யோசித்துக்கொண்டிருப்பேன். "இதெல்லாம் நிஜமா நடந்ததா சார்?" என்று அநேகமாக எல்லோருமே கேட்டார்கள். "நடந்த மாதிரிதான்" என்று சொல்லி வைத்தேன். கேட்டவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கதை இதுதான். கல்வராயன் மலையில் ஒரு ஊர். அங்கிருந்து ஒருவன் போர் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், வடக்கே வேலைக்குப் போகிறான். திரும்பவில்லை. சேதியும் இல்லை. பெண்டாட்டி பல வருஷம் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் உறவுக்காரர்கள் வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, அவனுடைய கட்டம் போட்ட நீலச் சட்டையை அதற்கு மாட்டி, பாடையில் வைத்துத் தூக்கிப்போய்ப் புதைக்கிறார்கள். பதினாறாம் நாள் கருமாதி. அவள் தாலியைக் கழற்றுகிறாள். போனில் கூப்பிட்ட சென்னைக்காரர்கள் அழுதது இந்த இடத்தில்.

அழாத ஒரு வாசகியும் கூப்பிட்டார். கரியாலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலையிலேயே பிறந்தவர்.

"எங்க மலைக்கு எத்தினி தபா வந்தீங்க சார்?"

"மூணு தடவை."

"எங்க தங்குனீங்க?"

"தங்கலைங்க. சாயந்திர பஸ்ஸிலேயே இறங்கிட்டேன்."

"படிக்கும்போதே தெரிஞ்சிது. நாங்க சாமை போடறோம், மரவள்ளி போடறோம். அந்தப் பொம்பள வூட்டுல ஒரு ஆள் உசரத்துக்குக் கட்ட அவ்ளோ வைக்கோல் எங்கருந்து சார் வந்துச்சி? சாமைத் தாள்ல கட்டினாங்கன்னாச்சும் எழுதக்கூடாதா? நம்பித் தொலைச்சிருப்பேன். உங்க ஊர் வழக்கத்த மூட்ட கட்டியாந்து எங்க மலை மேல எறக்கிட்டீங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி.

அந்தக் கதை மலையில் நடந்ததே இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கரும்புக்காரர் கிணற்றில் அடிக்கடி மோட்டார் எரியும். கழற்றவும் மாட்டவும் நான் போவேன். அங்கே களை வெட்டும் கூலி ஆட்களில் ஒரு பெண். அவள் புருஷன்தான் போர் வண்டியில் போனவர். நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு ஊரில், காலையில் டீ குடிக்க இறங்கியவர் வண்டிக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. கிணற்று மேட்டில் சாப்பிடும்போது துண்டு துண்டாக இதையெல்லாம் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கண்ணா" என்றாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவளை நான் மலைக்கு ஏற்றினேன். ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன். வைக்கோலையும் சட்டையையும் மாற்ற மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். அவை நன்றாக இருந்தன. விட மனசு வரவில்லை.

அவருடைய நீலச் சட்டையை மாட்டி வைக்கோல் ஆளைக் கட்டிவிடலாம் என்று அவள் வீட்டில் சொன்னார்கள், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையில் நடந்தது அவ்வளவுதான். நாவல் முடிய வேண்டுமே என்று நான் கட்டிவிட்டேன்.

டீச்சர் பேசிப் பத்து நாள் இருக்கும். கடைக்கு ஒருவர் வந்தார். மோட்டார் கொண்டுவரவில்லை, கையில் என் புத்தகம் இருந்தது. அந்தப் பெண்ணின் கொழுந்தன், காணாமல் போனவரின் தம்பி.

"சார், எங்க அண்ணன் செத்துட்டாருன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும். பெண்ணின் பெரியப்பா பேரை எப்படிப் போடுவது, இருக்கிறவர் என்றா போனவர் என்றா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். காரியம் பண்ணாத சாவு ஒன்று வீட்டில் நிற்கும்போது பந்தக்கால் நடுவது சரியில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் படித்தவர். திருக்கோவிலூரில் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, இவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருந்த நீலச் சட்டை அதில் வந்ததும் அடையாளம் கண்டுவிட்டார்.

"விசாரிக்காம புஸ்தகம் போடுவாங்களா? நாக்பூர் வரைக்கும் போயி கேட்டுக்கினு வந்துதான் எழுதிருக்காருன்னு அவுரு சொல்றாரு. ஞாயித்துக்கெழம வைக்கோல் கட்டறோம். அண்ணிதான் ஒத்துக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னீங்கன்னா..."

"நான் நாக்பூருக்குப் போகலைங்க. உங்க அண்ணன் கதி என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் புத்தகத்தைப் பிரித்து, பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கத்தைக் காட்டினார். "அப்ப இது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் ஏறுகிற வரை யோசித்தேன். வீட்டு வாசலில் இரண்டு கட்டு வைக்கோல் கிடந்தது. பக்கத்தில் பழைய பிரம்பு நாற்காலியில் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். சட்டையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அது இருந்த தகரப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் எடுத்துவிடுவார்கள் என்று காலையிலிருந்து எழவே இல்லையாம். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"வாங்க, எழுத்தாளர் சார்" என்று தாய்மாமன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். "அந்த கடைசி அத்தியாயம் இருக்கே, அப்பிடியே கண்ணு முன்னால நிக்குது. அவுங்களுக்கு நீங்களே எடுத்து சொல்லிட்டீங்கன்னா..."

நான் உட்காரவில்லை. "அது நான் கட்டின கதை" என்றேன். "இவங்க வீட்டுக்காரர் இருக்காரா செத்தாரான்னு எனக்குத் தெரியாது. நான் யாரையும் விசாரிக்கலை."

"அடக்கமா பேசறாரு" என்றார் அவர், கொழுந்தனைப் பார்த்து.

"அடக்கம் இல்லைங்க. பொய்யி. அந்தப் பக்கத்துல இருக்கறதெல்லாம் பொய்யி."

நாலு வருஷம் எழுதியதை ஒருத்தர் வாசலில் நின்று பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு அது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர்கள் நம்பாததுதான் கஷ்டமாக இருந்தது. கொழுந்தன் தலையைச் சொறிந்தார். "பொய்ய எதுக்கு சார் அச்சடிக்கறாங்க?" என்றார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "பொதைச்சிட்ட பொறவு அவுரு வந்து நின்னாருன்னா இன்னா பண்ணுவ? காரியம் பண்ண ஆள வூட்டுக்குள்ள சேத்துக்குவியா? உன் பொண்ணு கல்யாணத்துக்கு நா குறுக்க நிக்கல. எம்மா நாளா இந்த வூட்டுல கஞ்சி குடிக்கறேன், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ஆள சாவடிக்கறதுக்கு உன்னால ஆவாது, இவுரால ஆவாது." இவுரு என்றது என்னை.

தாய்மாமன் விடவில்லை. அச்சில் இருக்கிறதே, அச்சில் இருக்கிறதே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"அந்த புஸ்தகத்தக் குடு" என்றாள் அவள். கொழுந்தன் கொடுக்க, வாங்கி என்னிடம் நீட்டினாள். "இப்ப சொன்னத அந்தப் பக்கத்துலயே எழுதிக் குடு." அதுவரை என்னிடம் நீங்க போட்டுத்தான் பேசுவாள்.

தாய்மாமனிடம் பேனா வாங்கி, கோடு போட்டிருந்த வரிகளுக்கு மேலேயே எழுதினேன். 'இது நான் கட்டிய கதை. அந்த ஆள் செத்ததாக எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கொழுந்தனைப் படிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு தபா என்றாள். மறுபடி படித்தார். இந்தத் தடவை தாய்மாமன் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணி" என்றார் கொழுந்தன். "பத்திரிகைல பேர மட்டும் போட்ருவோம். முன்னால திரு, தெய்வத்திரு ஒண்ணும் போட வேணாம்." பிறகு வைக்கோலைத் தூக்கிப்போய் மாட்டுக்குப் போட்டார்.

நான் கிளம்பியதும் அவள் பெட்டியை விட்டு எழுந்து, தெரு முனை வரை கூட வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன்.

"நா உங்கிட்ட எதுக்கு சொன்னன்னு நெனச்ச?" என்றாள். "ஊர் ஊரா போற புஸ்தகம்னு நீதான சொன்ன. படிக்கறவங்கள்ல யாராச்சும் ஒருத்தரு அந்த ஆள பாத்திருப்பாங்கன்னுதான் சொன்னேன். நீ ஊர மாத்திட்ட, பேர மாத்திட்ட, ஆளையும் சாவடிச்சிட்ட. அப்பொறம் எவன் வந்து சொல்லுவான்?"

கிணற்று மேட்டில் எனக்குக் கதை கிடைக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை மாதமும், அவள் காணவில்லை நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பஸ் வருகிற வரை அவரைப் பற்றிக் கேட்டேன். அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாவலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இதைப் படிக்கிறவர்கள் முடிவு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். மாநிறம். என் தோள் உயரம். வலது கை சுண்டு விரல் போர் வண்டிக் குழாயில் மாட்டி மடங்காமல் போனது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. டீக்குச் சர்க்கரை ஜாஸ்தி கேட்பார். தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாது. இப்போது ஐம்பது வயது இருக்கும்.