இரண்டு சொல் தாண்டிய பாட்டு

டக். இசைத்தட்டின் கீறலில் ஊசி விழுந்து எழும் சத்தம். நேற்று யார் வீட்டு ஜன்னலிலிருந்தோ அது வந்தது. நாற்பத்தெட்டு வயதில், நடுத்தெருவில், என் கழுத்து தானாக இடப்பக்கம் வெட்டி நின்றது.

அப்போது எனக்கு இருபது வயது, இரண்டாம் உலக யுத்த காலம். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடை, அதில் ஒரு கிராமபோன், அதைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர். பகலெல்லாம் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியிலும் உப்பளத்திலும் வேலை. சாயங்காலமானால் பாட்டு செட்டு. தோள் தொடும் முடி, பட்டு ஜிப்பா, காதோரம் ஜவ்வாது. என் முடியோ பனைநார் மாதிரி விறைத்து நிற்கும். கருப்பட்டிப் பாகு தடவிச் சுருட்டிக்கொண்டேன்; ஈ மொய்த்தாலும் கலைக்கவில்லை. தட்டில் பாடும் நாடகப் பாடகர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே நாங்களும் விட்டோம். காபிக் கடைத் தட்டில் ஒரு கீறல். அந்த இடத்தில் பாட்டு இரண்டு சொல் தாண்டும். நாங்களும் தாண்டினோம், தாண்டும்போது கழுத்தை ஒரு வெட்டு வெட்டினோம். ஊரே அதற்குத்தான் கைதட்டியது. புதுத் தட்டு வர வழியில்லாத காலம். பாட்டே அப்படித்தான் என்று நம்பினோம்.

ஏரலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊர்க்காரர்கள், எங்களையும் கூட்டிப்போனார்கள். முதன்முதலாக எனக்குத் தனிப்பாட்டு. மத்தியானம் பெண் வீட்டுக் கூடத்தில் அதே தட்டு சுழன்றது, கீறலில்லாமல். விட்டுப்போன இரண்டு சொல்லுக்குள் குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி இறங்கியது. மேல்படிகளை உருவிப் போட்டுவிட்டா இத்தனை நாள் ஏணியைத் தூக்கித் திரிந்தோம்!

செட்டின் தலைவரிடம் ஓடினேன். எங்களில் மூத்தவர், ஆர்மோனியக்காரர், பிறவியிலேயே சுருள் முடி.

“அண்ணே, நான் முழுசா பாடப் போறேன்.”

“ஏலே, கோட்டி புடிச்சிருக்கா? அந்த வெட்டு இல்லேன்னா நம்ம செட்டுன்னு எவன் சொல்லுவான்?”

“பாட்டு அப்படி இல்லண்ணே.”

“ஒனக்கு பாட்டு வேணுமா, செட்டு வேணுமா? யோசிச்சு வாயத் தொற.”

யோசித்தேன். செட்டை விட்டால் கிட்டங்கிப் பஞ்சுத் தூசி தவிர எனக்கு வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் பந்தலில் பாடும்போது கீறல் விழும் அந்த இடம் வந்தது. வெட்டத் துடித்த கழுத்தை இறுக்கிக்கொண்டு ஏறினேன். உச்சியில் குரல் உடைந்தது.

“ஏலே, தப்பா பாடுதான்!” என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர்.

“பாகு தொண்டையில எறங்கிட்டு போல!” என்றார் இன்னொருவர். பந்தல் சிரித்தது. தலைவர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார்.

நான் நிறுத்தவில்லை. ஆர்மோனியச் சுருதி இல்லாமலே அதே அடியை மறுபடி எடுத்தேன். இம்முறை குரல் உச்சியில் உடையாமல் நின்றது. யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் காலை, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ்ஸில் நால்வரும் ஏறிக்கொண்டார்கள். இடமில்லை என்றார் தலைவர். அவர் பக்கத்தில் ஆர்மோனியம் ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வந்தா அந்த வெட்டோட வா. இல்லேன்னா வராத.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “வெள்ளிக்கிழமை வருவேண்ணே. முழுசாத்தான் பாடுவேன். ஆர்மோனியப் பெட்டிய நிப்பாட்டணும்னா நிப்பாட்டிக்கோங்க.”